மேய்ப்பு நாயும் பணிமாற்ற ஆணையும்: லக்ஷ்மிபாய் நகரை முன்வைத்து

தெற்கு தில்லியில் ஐ.என்.ஏ. சந்தைக்கும் சரோஜினி நகருக்கும் இடையே அமைந்தது லக்ஷ்மிபாய் நகர். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குவதால் தலைநகர்த் தமிழர்க்கு நன்கு பழகிய பெயர். இங்குள்ள அரசு வீடுகள் குடியிருப்போருக்குச் சொந்தமானவை அல்ல. பணி நிலைக்கும் வரை ஒதுக்கப்பட்டவை. பணிமாற்ற ஆணை வந்தாலும் ஓய்வு வயது வந்தாலும் குறித்த காலத்துக்குள் காலி செய்தாக வேண்டும். பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறும். பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும். வீட்டிலுள்ள நாய்க்கு என்ன வழி என்னும் கேள்வி பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுகிறது.

பல குடும்பங்கள் நாயையும் உடன் அழைத்துச் செல்கின்றன. சில குடும்பங்கள் உறவினரிடமோ நண்பரிடமோ விட்டுச் செல்கின்றன. எஞ்சியவர்களின் நாய் ஏதேனும் ஒரு காப்பகத்தின் வாசலைச் சென்றடைகிறது. டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தின் கீழ் இயங்கும் ஃபிரண்டிகோஸ் 1979இல் தொடங்கப்பட்டது. ராஜா கார்டனில் உள்ள சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் 1980இல் தோன்றியது. அடிபட்ட தெரு நாய்களுக்காகவும் நோயுற்ற மாடுகளுக்காகவும் பாடுபடும் இத்தகைய இடங்களுக்கு, வீட்டில் வளர்ந்து பின் கைவிடப்பட்ட நாய்களும் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஜெர்மன் ஷெப்பர்ட் அடிக்கடி காணப்படும் இனம். நம்மவர் நெடுநாள் 'அல்சேஷன்' என்று அழைத்துவந்தது இதையே. பெயரிலேயே மேய்ப்பன் இருப்பினும், இது ஆடு மேய்க்க உருவாக்கப்பட்ட நாய் என்பது வளர்ப்போர் பலரின் நினைவில் இல்லை.

நாய் வளர்க்க விரும்பும் நகர்ப்புறக் குடும்பம் பொதுவாக நாடுவது 2 மாதக் குட்டியை. 4 வயதுடைய, முழு வளர்ச்சி பெற்ற மேய்ப்பு நாயைக் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது துணிச்சலான செயலாகவோ தருமமாகவோ கருதப்படுகிறது. இரண்டு கருத்துகளும் பிழையானவை. இடம்பெயரும் வாழ்க்கை கொண்ட ஒரு குடும்பத்துக்கு, குட்டியைவிட வளர்ந்த நாயே அறிவார்ந்த தேர்வு. ஆனால் அத்தேர்வு அன்பின் அளவை வைத்துச் செய்யப்படக் கூடாது. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள், யாருடைய உழைப்பு என்னும் கணக்கை வைத்தே செய்யப்பட வேண்டும்.

வளர்ந்த நாயைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் முதற்காரணம், அது புதியவரிடம் ஒட்டாது என்பது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழியை நாய்க்கும் பொருத்திப் பார்க்கும் மனப்பான்மை இது. புடாபெஸ்ட் நகரின் ஆய்வாளர்கள் மார்த்தா காச்சி முதலானோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் விடை தருகிறது. காப்பகங்களில் வாழ்ந்த வளர்ந்த நாய்களுடன் முன்பின் அறியாத ஒருவர் மூன்று முறை, முறைக்குச் சுமார் 10 நிமிடம் மட்டும் பழகினார். அதன் பின் நடந்த சோதனையில், அந்நாய்கள் அந்த மனிதரிடம் பற்றுக்குரிய நடத்தையைக் காட்டின. குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றை அளக்கும் சோதனை முறையைத் தழுவி அமைக்கப்பட்டது இச்சோதனை. மனித உறவை இழந்த நாய் புதிய உறவை ஏற்கும் திறனை இழந்துவிடுவதில்லை. இழப்பே அதை விரைவுபடுத்துகிறது என்றுகூடக் கருத இடமுண்டு.

இந்த இனத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்னும் ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி, 1899ஆம் ஆண்டு ஏப்ரலில் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் ஒரு நாயைக் கண்டு விலைக்கு வாங்கினார். அதற்கு ஹோராண்ட் எனப் புதுப்பெயர் சூட்டி, ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கத்தின் பதிவேட்டில் முதல் நாயாகச் சேர்த்தார். 1895இல் பிறந்த அந்நாய்க்கு அப்போது வயது 4. அதாவது, இன்று உலகெங்கும் குட்டியாக மட்டுமே விலை பேசப்படும் ஓர் இனத்தின் மூதாதை, வளர்ந்தபின் கைமாறி, வேறு பெயருக்குப் பழகி, புதிய வீட்டில் வாழ்ந்த நாய்தான்.

மேய்ப்பு நாய் என்னும் சொல்லையும் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிடை போடும் இடையருக்கு நாயின் தலையாய பணி இரவுக்காவல். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை அடைத்திருக்கும்போது நரியோ திருடனோ அணுகினால் குரைத்து எழுப்ப வேண்டும். இமயச் சாரலில் பக்கர்வால் இடையர்களின் நாயும் காவல் நாயே. இவை மந்தையோடு மந்தையாகக் கிடப்பவை. அசையாமல் பல மணி நேரம் இருக்கக் கூடியவை. மேய்ப்பு நாயின் வேலை முற்றிலும் வேறு. ஓநாயின் வேட்டையில் நோக்குதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் எனத் தொடரும் செயல்களில், முதல் மூன்றையும் கூர்மைப்படுத்திக் கடைசி இரண்டையும் மழுங்கச் செய்து உருவாக்கப்பட்டவை மேய்ப்பு நாய்கள்.

அவற்றிலும் ஜெர்மன் ஷெப்பர்டின் பணி தனித்தன்மை உடையது. வேலியற்ற நிலப்பரப்பில், ஒருபுறம் பயிரும் மறுபுறம் மேய்ச்சலும் இருக்க, இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக் கோட்டில் நாள் முழுதும் நடந்து, ஆடுகள் பயிரில் வாய் வைக்காமல் காப்பதே அது. நடமாடும் வேலி எனலாம். இத்தகைய நாயை அடுக்குக் குடியிருப்பில் வைத்தால் என்ன நிகழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அது பால்கனிக் கம்பியோரம் ஓயாமல் மேலும் கீழும் நடக்கும். கூரியர் கொண்டுவருபவர் படியேறும் ஒவ்வொரு முறையும் குரைக்கும். ஓடி விளையாடும் குழந்தைகளைச் சுற்றிவந்து மூக்கால் முட்டி ஓரிடத்தில் சேர்க்கப் பார்க்கும். குடும்பத்தார் இதை மூர்க்கம் என்று படிக்கின்றனர். உண்மையில் அது வேலையிழந்த ஒரு தொழிலாளி, கிடைத்த இடத்தில் தன் தொழிலைச் செய்ய முயல்வது. கைவிடுவோர் சொல்லும் காரணங்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுட் பல நாயின் குற்றமாக இன்றி அதன் தகுதிகளாகவே இருக்கும்.

இங்குதான் வளர்ந்த நாயின் முதல் நன்மை தெளிவாகிறது. குட்டியிடம் இக்குணம் எவ்வளவு வெளிப்படும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. இனப்பெயர் அதற்கு உறுதி தராது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களையும் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. மனிதரின் சொல்லுக்கு இசையும் தன்மை போன்ற சில கூறுகளில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல். மேய்ப்பு இனங்கள் அதில் முன்னிற்கின்றன. எனினும், குறிப்பிட்ட ஒரு நாய் குழந்தைகளோடு எப்படிப் பழகும், பட்டாசுச் சத்தத்துக்கு எவ்வளவு அஞ்சும், தனிமையைத் தாங்குமா என்னும் கேள்விகளுக்கு இனப்பெயர் விடையாகாது. 4 வயது நாயிடம் விடை பெரிதும் இருக்கிறது. பொறுமையாகக் கவனிக்க ஆள் வேண்டும்.

உடல்நலத்துக்கும் இதே வாதம் பொருந்தும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு மிகுதி. 8 வாரக் குட்டியிடம் அதைத் தீர்மானமாகச் சொல்ல இயலாது. வளர்ந்த நாயின் நடையும் ஓர் எக்ஸ்ரே படமும் அதைக் காட்டிவிடும். காலக்கணக்கும் முக்கியம். இவ்வினத்தின் ஆயுள் பெரும்பாலும் 9 முதல் 13 ஆண்டுகள். குட்டியை வாங்கும் அரசு ஊழியர், தாம் அடுத்து எந்த நகரில் இருப்போம் என்று அறியாமலே ஒரு பத்தாண்டுக்கு மேற்பட்ட உறுதிமொழியை அளிக்கிறார். 5 வயது நாயைத் தத்தெடுப்பவரின் உறுதிமொழி அதைவிடக் குறுகியது. ஆகவே காப்பாற்றப்படும் வாய்ப்பு மிக்கது. காப்பாற்ற இயலாத பெரிய வாக்கைவிடக் காப்பாற்றக் கூடிய சிறிய வாக்கே நாய்க்குப் பயன் தரும்.

இவ்வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. காப்பகத்தில் தென்படும் நாய் முழுமையான நாய் அன்று. இரைச்சலும் நெருக்கடியும் சூழ்ந்த கூண்டில் அது அஞ்சி ஒடுங்கலாம். அல்லது இடைவிடாமல் குரைக்கலாம். அமெரிக்காவின் 5 காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஓரிரு இரவுகள் வீட்டில் தங்கிய நாய்களின் உடலில் மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு குறைந்ததையும், காப்பகத்துக்குத் திரும்பியதும் அது பழைய நிலையை எட்டியதையும் பதிவு செய்தது. கூண்டின் முன் 15 நிமிடம் நின்று எடுக்கும் முடிவு நம்பத்தக்கதன்று என்பதே இதன் பொருள். எனவே தத்தெடுப்புக்கு முன் சில வாரங்கள் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்கும் முறை விதிவிலக்காக இன்றி வழக்கமாக வேண்டும். அக்காலத்துக்குள் திருப்பி அளிக்கும் குடும்பத்தைக் குற்றவாளியாக நோக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். நாய் முன்பு யாரையேனும் கடித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுவது காப்பகத்தின் கடமை. மறைத்துக் கொடுக்கப்படும் நாய் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்குள் ஒரு குழந்தையின் முகம் அதற்கு விலையாகியிருக்கலாம்.

தில்லியின் இயல்பும் கணக்கில் சேர வேண்டியது. ஈரடுக்கு மயிர் கொண்ட இந்நாய்க்கு மே, ஜூன் மாதங்களின் 40 பாகைக்கு மேற்பட்ட வெயில் உண்மையான ஆபத்து. விடியுமுன் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை என நடைப்பயிற்சி அமைய வேண்டும். நண்பகல் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். மழைக்காலத்தில் உண்ணிகளால் பரவும் காய்ச்சல் உயிரையே பறிக்கக் கூடியது. இவற்றோடு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர நடையும், மூளைக்கு வேலை தரும் பயிற்சியும் தேவை. ஒளித்து வைத்த பொருளைத் தேடி எடுப்பது, கட்டளைக்கேற்ப ஓரிடத்தில் காத்திருப்பது போன்ற எளிய பயிற்சிகளே போதும். ஆடுகள் இல்லாத நகரில், மந்தைக்கு மாற்றாக நாய்க்குத் தரக்கூடியது இதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தை யார் தருகிறார் என்பது பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி. தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்திடுபவர் அதிகாரி. அதிகாலையில் நாயோடு நடப்பவர் மனைவியாகவோ, வீட்டு வேலைக்கு வருபவராகவோ, அவருடைய பதின்வயது மகனாகவோ இருக்கிறார். 35 கிலோ எடையுள்ள நாய் வேறொரு நாயைக் கண்டு பாயும்போது கயிற்றைப் பிடித்திருப்பவர் அந்த முடிவில் பங்கு பெறாதவர். குடும்பத்துக்குள்ளும் வெளியிலும் பராமரிப்பு உழைப்பு எவ்வாறு பகிரப்படுகிறது என்பதை ஆராயும் சமூகவியலாளர்களின் பார்வைக்கு இது உரியது. காப்பகத்தார் நேர்காணல் நடத்துவதானால், கையெழுத்திடுபவரோடு கயிற்றைப் பிடிக்கப் போகிறவரிடமும் பேச வேண்டும்.

தெரு நாய்கள் இத்தனை இருக்க, இன நாய்க்கு ஏன் இவ்வளவு கரிசனம் என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. தெரு நாயைத் தத்தெடுப்பது பாராட்டத்தக்கதே. ஆயினும் இரண்டின் நிலையும் ஒன்றன்று. தெருவில் பிறந்து வளர்ந்த நாய்க்குத் தன் எல்லையும், தன் கூட்டமும், சோறிடும் கைகளும் தெரியும். வீட்டில் வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்ட் தெருவில் விடப்பட்டால் இவற்றுள் எதுவும் அதற்கு இல்லை. வீடு இல்லையெனில் கூண்டு என்பதே அதன் நிலை. அக்கூண்டு நிறைந்தால், அடிபட்டு வரும் தெரு நாய்க்கும் இடமில்லாமற் போகிறது. கைவிடப்பட்ட ஒரு நாய்க்கு வீடு கிடைப்பது, தெரு நாய் ஒன்றுக்குச் சிகிச்சைப் படுக்கை கிடைப்பதும் ஆகும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒரு தமிழ்ப் பெண்மணியின் முயற்சியால் விளைந்தது. மதுரையில் பிறந்து கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்திட்டது. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் முதற்குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. 1960இல் அது ஒரு தொகை. இன்று அது ஐ.என்.ஏ. சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்காய்க்குக்கூடப் போதுமா என்பது ஐயம்.

இதோடு 2025 ஆகஸ்டு மாத நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தில்லியின் தெரு நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆகஸ்டு 11இல் ஆணையிட்டது. ஆகஸ்டு 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்க குணமோ இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அந்நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களின் பொறுப்பு என்றும் அவ்வாணை கூறியது. இந்நிபந்தனை சரியானதே. ஆனால் தெருவிலிருந்து நாயை எடுத்துச் செல்பவருக்கு வாழ்நாள் பொறுப்பு. விலை கொடுத்து வாங்கித் தெருவில் விடுபவருக்கு 50 ரூபாய் அபராதம் என்னும் முரண்பாடு அப்படியே இருக்கிறது.

சட்டம் திருந்தும் வரை குடியிருப்புகள் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு வீட்டைக் காலி செய்பவர் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் தீர்த்ததைக் காட்டுகிறார். வீட்டின் பொருத்துப் பொருள்களை ஒப்படைக்கிறார். தில்லியில் வளர்ப்பு நாயை உள்ளாட்சி அமைப்பிடம் பதிவு செய்வது கட்டாயம். அவ்வாறு பதிவான நாய் எங்கே செல்கிறது, உடன் வருகிறதா, எவர் பெயருக்கு மாற்றப்பட்டது என்னும் ஒரு வரியைக் காலி செய்யும் படிவத்தில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள், நாய் வளர்ப்போரோடு சண்டையிடும் நேரத்தில் சிறு பகுதியை ஒதுக்கி, பணிமாற்றம் பெற்றவரின் நாய்க்கு அக்கம்பக்கத்திலேயே புதிய வீடு தேடும் பட்டியல் ஒன்றைப் பேணலாம். நாய்க்குப் பழகிய மரமும் தெருவும் மாறாமல் ஆள் மட்டும் மாறுவது, காப்பகக் கூண்டைவிடப் பன்மடங்கு எளிய மாற்றம்.

அரசு நிறுவனமே இதற்கு முன்னுதாரணம் தந்திருக்கிறது. 2019 நவம்பரில், தில்லி மெட்ரோ பாதுகாப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற 7 நாய்களுக்கு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை பதக்கம் அணிவித்து, பிரிவு விழா நடத்தி, பராமரிப்புக்காகத் தன்னார்வ அமைப்பிடம் ஒப்படைத்தது. வளர்ந்த நாய்க்கும் பணிக்குப் பிந்தைய வாழ்வு உண்டென்றும், அதை ஏற்பாடு செய்வது அதனிடம் வேலை வாங்கியவரின் கடமையென்றும் ஒரு படைப்பிரிவு பொதுவெளியில் ஒப்புக்கொண்ட நிகழ்வு அது. வீட்டுக்காவல் என்ற பெயரில் ஐந்தாண்டுகள் நாயிடம் வேலை வாங்கிய குடும்பத்துக்கும் இக்கடமை பொருந்தும்.

எல்லாக் குடும்பங்களும் மேய்ப்பு நாயைத் தத்தெடுக்க வேண்டும் என்பதில்லை. இருவரும் வேலைக்குச் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டுக்கு அது ஏற்றதன்று. வாசற்காவலுக்கு மட்டும் நாய் தேடும் வீட்டுக்கு அறவே ஏற்றதன்று. ஆனால் ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகளே உள்ளவர், காலை நடையை மருத்துவர் வலியுறுத்தியும் தொடங்காதவர், பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் வெறிச்சோடிய வீட்டில் இருப்பவர் என லக்ஷ்மிபாய் நகர் போன்ற குடியிருப்புகளில் இந்நாய்க்குத் தேவையானதைத் தரக்கூடியோர் இருக்கவே செய்கின்றனர். அவர்கள் நாய் விற்போரின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன், காப்பகம் ஒன்றுக்கு இரண்டு மூன்று முறை சென்று, வளர்ந்த ஒரு நாயைக் கூண்டுக்கு வெளியே நடத்திச் சென்று பார்க்கட்டும். முடிவு அதற்குப் பின் எடுக்கப்படட்டும்.